வாசகர் கேள்விகள்: ஒரு ரூபாய் போன் ஏன் மக்கர் செய்கிறது?

கேள்வி: புளியரையில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடை முகப்பில் பழைய ஒரு ரூபாய் போன் இருக்கிறது, லைனும் உயிரோடு இருக்கிறது. ஐயப்ப சீசனில், செல்லில் சார்ஜ் தீர்ந்த சாமிமார் தேடி வருகிறார்கள். ஆனால் ரூபாயைப் போட்டால் பாதி நேரம் கீழே தள்ளிவிடுகிறது. பெட்டி பழுதா?

பதில்: பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, காசுதான் மாறிவிட்டது. அந்தப் பெட்டிகள் 25 மி.மீ. அகலம், 4.85 கிராம் எடையுள்ள எஃகு ரூபாய்க்காகச் செய்யப்பட்டவை. 2011-ல் வந்த ரூபாய் 22 மி.மீ., 3.79 கிராம். பழைய எஃகு 50 காசும் இதே அளவு, இதே எடை. ஐம்பது காசைத் தள்ளிவிடு என்று பழக்கிய பெட்டி, புது ரூபாயையும் ஐம்பது காசு என்றே நினைத்துத் தள்ளுகிறது. 2019 வரிசை ரூபாய் இன்னும் சிறிது, 20 மி.மீ.தான்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. 2011-ன் இரண்டு ரூபாய் நாணயம் 25 மி.மீ., 4.85 கிராம். பெட்டி அதை ஒரு ரூபாயாகவே வாங்கிக்கொள்ளும். அவசரத்தில் வருகிறவருக்கு ஒரு ரூபாய் நஷ்டம். காசு போடும் வாய்க்குப் பக்கத்தில் ‘2 ரூபாய் போடாதீர்கள்’ என்று இன்றே எழுதி ஒட்டுங்கள்.

எலெக்ட்ரானிக் பெட்டி என்றால், மெக்கானிக்கிடம் சொல்லிப் புது ரூபாயைப் பல முறை போட்டுப் பழக்கலாம். பிறகு பழைய 50 காசும் உள்ளே போகும். அது இப்போது யார் கையிலும் அதிகம் இல்லை, பரவாயில்லை.

கேள்வி: செங்கோட்டையில் நான் போன் செய்யும் கடையில், எதிர்முனையில் மணி அடிக்கும்போதே காசு விழுந்துவிடுகிறது. அண்ணாச்சியைக் கேட்டால், “மெஷின் எடுத்த துட்டுக்கு நான் என்ன செய்ய?” என்கிறார்.

பதில்: அவர் செய்ய வேண்டியது இருக்கிறது. போட்ட காசு உடனே உண்டியலுக்குள் விழாது, நடுவில் ஒரு தட்டில் நிற்கும். எதிர்முனையில் ரிசீவரை எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் லைனின் பிளஸ், மைனஸைத் திருப்பிப் போடும். இதற்கு ‘ரிவர்சல்’ என்று பெயர். அதைப் பார்த்துத்தான் பெட்டி காசை உள்ளே தள்ள வேண்டும். ரிவர்சல் வராத லைனில், ‘இத்தனை நொடி ஆனால் எடுத்துக்கொள்’ என்று டைமரில் வைத்துவிடுவார்கள். மணி அடிக்கிறதா, ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற குரல் கேட்கிறதா, ஆள்தான் பேசுகிறாரா என்பது டைமருக்குத் தெரியாது.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து லைனின் இரு கம்பிகளிலும் மாட்டுங்கள். சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட், ரிசீவரை எடுத்தால் சுமார் 10 வோல்ட் காட்டும். பெட்டியிலிருந்து இன்னொரு போனுக்கு அடித்து, அங்கே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த நொடியில் மீட்டரில் மைனஸ் குறி தோன்றினாலோ மறைந்தாலோ ரிவர்சல் வருகிறது, பெட்டியின் செட்டிங்கை மாற்றினால் போதும். குறி அப்படியே நின்றால் எக்ஸ்சேஞ்சில் எழுதிக் கொடுத்து ரிவர்சல் கேட்க வேண்டும். ஃபைபர் இணைப்புக்கு மாறிய கடைகளில், சுவரில் மாட்டிய மோடத்தில்தான் இந்த வசதியை இயக்க வேண்டும். லைனுக்கு உள்ளே அழைப்பு வரும்போது வெறுங்கம்பியைத் தொடாதீர்கள், மணி அடிக்கும் மின்சாரம் சுருக்கென்று இழுக்கும்.

கேள்வி: ஆரியங்காவில் ஒரு கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து புனலூர் லேண்ட்லைனுக்கு அழைப்பு போகிறது. செங்கோட்டைக்கு 04633 போட்டாலும், எந்த செல்லுக்கு அடித்தாலும் போவதில்லை. ஏன்?

பதில்: புனலூர் உங்களுக்கு லோக்கல். மலைக்கு அந்தப் பக்கம் செங்கோட்டை எஸ்.டி.டி., அதாவது 0 போட்டு அடிக்கும் வெளியூர் அழைப்பு. முன்பு எஸ்.டி.டி. பில் ஏறிவிடும் என்று பயந்து, பெட்டியில் 0-வைப் பூட்டி வைத்தார்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல்லுக்கும் முன்னால் 0 போட்டே ஆக வேண்டும் என்பதால், பூட்டிய பெட்டி செல்லுக்கும் செத்த பெட்டிதான்.

பெட்டியைக் கழற்றிவிட்டுச் சாதாரண போனை மாட்டி 0 போட்டு அடிக்கச் சொல்லுங்கள். போனால் பூட்டு பெட்டியில் இருக்கிறது, போகாவிட்டால் எக்ஸ்சேஞ்சில். எல்லா அழைப்புகளும் இலவசமான திட்டம் என்றால் கடைக்காரர் 0-வைத் தாராளமாகத் திறக்கலாம். வெளிநாட்டுக்குப் போகும் 00-ஐ மட்டும் பூட்டியே வைக்கட்டும்.