வளரிளம் பெண் சாப்பிட மறுப்பது பிடிவாதமா, நோயா?

15 வயது மகள் தட்டைத் தள்ளிவைக்கிறாள், தோழிகளை விட்டு விலகுகிறாள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், இது அழகு மோகமா அல்லது பிடிவாதமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிவாதம் என்பதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவள் வயதில் வீட்டிலும் பள்ளியிலும் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டதும் அதுதான். நான் மருத்துவர் அல்ல, உங்கள் மகளுக்கு இன்ன நோய் என்று கூறவும் வரவில்லை. உணவை ஒதுக்கி உடலை வாட்டும் அனோரெக்சியா என்ற மனநல நோயோடு வாழ்ந்து மீண்டவள் என்ற முறையில் மட்டுமே எழுதுகிறேன்.

எனக்கு அது அழகைப் பற்றிய கவலையாகத் தொடங்கவில்லை. தேர்வு நெருங்கிய காலத்தில் எதுவும் என் கையில் இல்லை என்ற அச்சம் இரவும் பகலும் வாட்டியது. ஒரு வேளை உணவைத் தவிர்த்தபோது அது சற்றே அடங்கியது, அந்தச் சிறு நிம்மதிக்காகவே அடுத்த வேளையையும் தவிர்த்தேன். உடல் மெலிந்ததும் பாராட்டு வந்தது. பிறகு மாதவிடாய் நின்றது, முடி கொட்டியது, வெயில் நாளிலும் குளிர்ந்தது. சாப்பிடாமலேயே சமையல் குறிப்புகளை மணிக்கணக்கில் படித்தேன், வீட்டார் ஒவ்வொருவரும் எவ்வளவு உண்கிறார்கள் என்று கவனித்தேன், யாராவது அருகில் வந்து பேசினால் அழுகையோ கோபமோதான் வந்தது. என் குணமே கெட்டுவிட்டது என்று உறவினர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

அது குணக்கேடு அல்ல என்பதற்கான சான்று எனக்குப் பிற்காலத்தில்தான் கிடைத்தது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களுக்கு, அவர்களுடைய சம்மதத்துடன், ஏறத்தாழ ஆறு மாதங்கள் வழக்கமான உணவில் பாதியளவே கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் தவித்தார்கள், சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், பலர் பிறருடன் பழகுவதைத் தவிர்த்துச் சோர்விலும் எரிச்சலிலும் மூழ்கினார்கள். அவர்களில் யாருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. பட்டினியே அவர்களை அப்படி மாற்றியது. மரபணு, இயல்பிலேயே உள்ள பதற்றம், எதிலும் குறை இருக்கக் கூடாது என்ற மனப்பான்மை, உருவத்தைப் பற்றிய கேலி எனப் பல காரணங்கள் சேர்ந்தே இந்நோய் உருவாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று உங்கள் மகளிடம் காணும் எரிச்சலிலும் ஒதுக்கத்திலும் ஒரு பெரும்பகுதி பசியின் விளைவாக இருக்கக்கூடும் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கைப்பேசியைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே சிலர் எழுதுவார்கள். கைப்பேசி இல்லாத காலத்திலேயே நான் நோயுற்றேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

என்னை முதலில் பார்த்த மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு இயல்பாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அந்த ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை. வளரும் பெண்ணின் எடை இயல்பான வரம்புக்குள் இருந்தாலும், அவளுடைய முந்தைய வளர்ச்சிப் போக்கிலிருந்து சரிந்திருந்தால் அது ஆபத்தாக இருக்கலாம். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலும், எடை இயல்பாக இருந்தும் இந்நோயின் மற்ற அறிகுறிகள் கொண்டவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது; மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது. கட்டுப்பாடின்றி நிறைய உண்டபின் வாந்தி எடுப்பது போன்றவற்றில் ஈடுபடும் புலிமியா நோயிலோ எடை பெரும்பாலும் இயல்பாகவோ அதற்கு மேலாகவோதான் இருக்கும்.

ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவளைக் குடைய வேண்டாம். எனக்கே அப்போது விடை தெரிந்திருக்கவில்லை. லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சையில், முதலில் பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்று, வாதிடாமலும் விலகாமலும் உடன் அமர்ந்து உண்ண வைக்கிறார்கள். மற்றவற்றைப் பேசுவது பின்னால் வருகிறது. எங்கள் வீட்டில் என் அத்தை அப்படித்தான் அமர்ந்தார், என் உடலைப் பற்றி நல்லதாகக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல். ஆனால் அவள் நெடுநாள் மிகக் குறைவாக உண்டிருந்தால் திடீரென நிறையக் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே உணவைக் கூட்டுவது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்கட்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தொடர்ந்த வாந்தி, உயிரை வெறுக்கும் பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி இந்த வாரத்திலேயே, சில ஆண்டுகளின் உயரம், எடைப் பதிவுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போய், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகளைப் பரிசோதிக்கக் கேளுங்கள், மனநல மருத்துவரிடம் பரிந்துரையும் பெறுங்கள்.