துணி மூட்டையை எங்கே அனுப்புவது?

கேள்வி: தொலைக்காட்சியில் ரோஹிங்கியா அகதிக் குழந்தைகளைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எங்கள் குடியிருப்பில் கேட்டு வாங்கி, இரண்டு மூட்டை பழைய துணி சேர்த்திருக்கிறேன். எங்கே அனுப்பலாம்? ஆடிட்டர் அலுவலகம் நடத்தும் என் கணவர், “நம்மால் என்ன ஆகப்போகிறது” என்கிறார்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: துணியை அனுப்பாதீர்கள் அம்மா. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணி குவிந்து கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் மூட்டை வங்கதேசம் போய்ச் சேரும் செலவில் அங்கேயே புதுத் துணி எடுத்துவிடலாம்.

2017 ஆகஸ்டில் மியான்மர் ராணுவத்தின் தாக்குதல் தொடங்கியபின், அந்நாட்டுச் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி, வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பக்கம் ஓடிவந்தார்கள். இன்றும் மூங்கில், தார்ப்பாய்க் குடிசைகளில்தான் வாழ்க்கை. வெளியே வேலைக்குப் போக அனுமதி இல்லை. உணவு உதவி அட்டையில் மாதாமாதம் ஏறும் தொகைக்கு முகாம் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்குகிறார்கள். ஆளுக்கு 12 டாலராக இருந்தது, நன்கொடை வற்றியதும் 2023 மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8. நம் பணத்தில் ஏறக்குறைய 650 ரூபாய், ஒரு மாதச் சாப்பாட்டுக்கு! மறு ஆண்டு ஏற்றினார்கள் என்றாலும், அங்கே எது பற்றாக்குறை என்று புரிகிறதல்லவா? உலக உணவுத் திட்டத்துக்கோ ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கோ மாதம் 300 ரூபாய் கொடுங்கள், ஆனால் நிறுத்தாமல் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாமல், அவர்களுடைய சொந்த இணையதளத்துக்கே போய்ச் செலுத்துங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. ஐயா, இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் கொட்டப்பட்டு முகாம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது? 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வளரும் காலம் இது. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது. பெயர் மாறியதே தவிர, பெரும்பாலோருக்குக் குடியுரிமை வரவில்லை. அதனால் அரசு வேலைக்கு வழியில்லை. தனியாரிடம் போனால், முகாம் விலாசத்தைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரங்கட்டுகிறவர்கள் உண்டு. பட்டம் வாங்கியும் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அடுத்த முறை கணக்கு எழுத ஆள் தேடும்போது அந்த முகாமிலும் சொல்லி அனுப்புங்கள். பாவம் பார்த்து எடுத்ததாகச் சொல்லிச் சம்பளத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

அந்த இரண்டு மூட்டையா? கிழியாததைத் துவைத்து மடித்து வையுங்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் கொடுங்கள்.