நான்கு வயதுக் கைக்குப் பென்சில் அவசரமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

என் மகனுக்கு 4 வயது முடிந்திருக்கிறது. வரும் ஜனவரியில் பாலர் வகுப்பு 1க்குப் போகிறான். பென்சிலைக் கொடுத்தால் முஷ்டியாகப் பிடித்து இரண்டு கோடு இழுத்துவிட்டு எறிந்துவிடுகிறான். கையையும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறான். எதிர்வீட்டுப் பிள்ளை அதே வயதில் தன் பெயரை எழுதுகிறாள். என் மாமியார் தேக்காவிலிருந்து புள்ளிக்கோட்டு எழுத்துப் புத்தகங்கள் வாங்கிவந்து, தினமும் ஒரு பக்கம் எழுதவைக்கச் சொல்கிறார். வற்புறுத்தி எழுதவைக்கலாமா? வீட்டில் விளையாட்டாகச் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

— ஒரு தாய், செங்காங்

அன்புள்ள சகோதரிக்கு,

வற்புறுத்த வேண்டாம். அந்தப் புத்தகங்களைச் சில மாதங்களுக்கு அலமாரியில் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் பொதுவாக 2 வயதில் நிற்கும் கோட்டையும், சற்றுப் பின்னர் படுக்கைக் கோட்டையும், 3 வயதில் வட்டத்தையும், 4 வயதில் கூட்டல் குறியையும், 5 வயதை ஒட்டிச் சதுரத்தையும் பார்த்து வரைகிறார்கள். சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாகச் சேரும் 'அ' என்ற எழுத்தை, கூட்டல் குறிக்கே இப்போதுதான் பழகும் கையிடம் கேட்பது நியாயமில்லை. மணிக்கட்டிலுள்ள 8 சிறிய எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. எதிர்வீட்டுப் பிள்ளை எழுதுகிறாள் என்பதால் உங்கள் மகன் பின்தங்கிவிட்டான் என்று ஆகாது.

எழுதும் ஆற்றல் தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு வழியாகக் கடைசியில்தான் விரல் நுனிக்கு வந்து சேருகிறது. ஆகவே முதலில் பெரிய அசைவுகளுக்கு இடம் கொடுங்கள். குளியலறைச் சுவரில் தண்ணீரும் தூரிகையும் கொண்டு அவன் விருப்பம்போல் 'சாயம்' அடிக்கட்டும். பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, நின்றபடியே கிறுக்கட்டும். நிமிர்ந்த பரப்பில் வரையும்போது மணிக்கட்டு தானாகவே பின்னோக்கி வளைந்து, பென்சில் பிடிப்பதற்கு உகந்த நிலைக்கு வருகிறது. புளோக்குக்குக் கீழே உள்ள விளையாட்டுத் திடலில் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் எழுத்துப் பயிற்சிதான் என்று தயங்காமல் சொல்வேன்.

இதற்கு அடுத்த இடம் சமையலறை. சப்பாத்தி மாவில் ஒரு பிடி கொடுத்து, முதலில் உள்ளங்கையால் பிசையவும், பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக உருட்டவும் சொல்லுங்கள். அந்தச் சிறு உருண்டையை நசுங்காமல் உருட்டும்போது அவனுடைய மற்ற மூன்று விரல்களும் தாமாகவே மடங்கி உள்ளங்கையில் ஒதுங்குவதைக் காண்பீர்கள். பென்சில் பிடிக்கும்போதும் அந்த விரல்கள் அப்படித்தான் ஒதுங்க வேண்டும். கொத்தமல்லி ஆய்வது, பட்டாணி உரிப்பது, துணி காயப்போடும்போது கிளிப்பை அழுத்தித் திறந்து தருவது எல்லாம் இதே விரல்களுக்கான வேலைகள். வீட்டில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் மட்டும், பட்டாணி போன்ற சிறு பொருள்களை அதன் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் அக்கறையை வீணாக்க வேண்டாம். பேரனுக்குக் கோலம் கற்றுக்கொடுக்கும்படி அவரிடம் கேளுங்கள். கோலமாவைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றுக்கும் இடையில் எடுத்து, மெல்ல விடுவித்துக்கொண்டே கையை நகர்த்தும் அந்தப் பிடி, பென்சிலுக்கு நாம் எதிர்பார்க்கும் மூன்று விரல் பிடிக்கு மிக நெருக்கமானது. புள்ளியைச் சுற்றி வளைத்து வருவதில் நம் எழுத்துகளின் சுழிகளும் பழகிவிடுகின்றன. தாழ்வாரம் வேண்டாம் என்றால் ஒரு தட்டு போதும். முதலில் பாட்டி வைத்த புள்ளிகளின் மேல் அவனும் மாவு வைக்கட்டும். கோடு தானாக வரும். தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதவைப்பது விஜயதசமி நாளில் நாம் செய்வதுதானே, அதை மற்ற நாள்களிலும் செய்யலாம்.

வண்ணம் தீட்ட நீளமான பென்சிலுக்குப் பதிலாக, உடைந்த குட்டைக் கிரேயான்களைக் கொடுங்கள். கட்டைவிரல் அளவுகூட இல்லாத துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது என்பதால் விரல் நுனிகள் வேலைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கையை மாற்றுவதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4 முதல் 6 வயதுக்குள்தான் ஒரு கை உறுதிப்படுகிறது. கிரேயானை அவனுக்கு நேர் நடுவில் வைத்துவிட்டு, எந்தக் கையால் எடுக்கிறான் என்பதைக் கவனித்து வாருங்கள். இடக்கை என்று தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். சாப்பிடுவதற்கு வலக்கை என்ற வழக்கத்தை வைத்துக்கொள்வது உங்கள் குடும்பத்தின் விருப்பம். எழுதும் கையை மாற்ற முயல்வது பிள்ளைக்குத் தேவையற்ற துன்பம்.

எழுத்து தொடங்கும் காலம் வரும்போது, பல ஆசிரியர்கள் செய்வதுபோல ட, ப, ம எனப் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். அதற்குள் 5 வயதாகியும் அவனால் வட்டம் வரைய முடியவில்லை, கரண்டியைப் பிடிக்கச் சிரமப்படுகிறான், அல்லது ஒரு கையை எப்போதும் ஒதுக்கியே வைக்கிறான் என்றால், பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள். அப்போது, அவன் வரைந்த தாள்கள் சிலவற்றைத் தேதி குறித்து உடன் எடுத்துச் செல்லுங்கள்.