கேபிள் மாட்டவா டிப்ளமோ படித்தான்?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) டிப்ளமோ முடித்த உங்கள் பையனை செல்போன் டவர்களில் ரவுட்டர் (டவரை நெட்வொர்க்கோடு இணைக்கும் கருவி) பொருத்தும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேபிள் மாட்டும் வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். அங்கே மாட்டும் கேபிள்களில் சில, நேரத்தைக் கொண்டுவருபவை. 5ஜி டவர்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பியும் வாங்கியும் இயங்குகின்றன. பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ செகண்டுக்கு மேல் விலகும் டவர், பக்கத்து டவரின் சிக்னலையும் கெடுக்கும். அந்த நேரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து வாங்கித் தருவது கூரையில் நிற்கும் ஜிபிஎஸ் ஆன்டெனா.

தம்பி முதலில் பழக வேண்டியது ரவுட்டரில் கேபிள் செருகும் போர்ட்டுகளை. ஆன்டெனா, 10 மெகாஹெர்ட்ஸ் (கடிகாரத்துக்கான சீரான அலை), 1பிபிஎஸ் (நொடிக்கு ஒரு துடிப்பு) மூன்றுக்கும் சின்ன கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ள கேபிள்) கனெக்டர்தான். டிஓடி (தேதி, மணி சொல்வது), பிட்ஸ் (தொலைத்தொடர்பு நிலையக் கடிகார சிக்னலுக்கானது) போர்ட்டுகள் பல ரவுட்டர்களில் லேன் கேபிள் செருகும் ஈதர்நெட் போர்ட் போலவே இருக்கும். அங்கே லேன் கேபிளைச் சொருகினால் லிங்க் வராது. ஆன்டெனாவுக்கான மின்சாரம், பெரும்பாலும் 5 வோல்ட் டிசி, அதே கோஆக்ஸில் மேலே போகிறது. ஆகவே லேபிளைப் படிக்காமல் எதையும் செருகக் கூடாது.

ஆன்டெனா கேபிள் 50 ஓம் வகையாக இருக்க வேண்டும். ஊர்க் கடைகளில் கிடைக்கும் டிஷ் டிவி கேபிள் 75 ஓம். வைஃபை ஆன்டெனாவில் வரும் ஆர்பி-எஸ்எம்ஏ என்ற கனெக்டர் இந்த போர்ட்டின் மரையில் அழகாக ஏறும், ஆனால் நடு ஊசி இருக்காது, தொடர்பே ஏற்படாது. இறுக்கும்போது நட்டை மட்டும் திருப்ப வேண்டும். கேபிளோடு சேர்த்துத் திருப்பினால் ஊசி தேயும். கடைசி இறுக்கம் டார்க் ஸ்பேனரில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), கையேட்டில் உள்ள அளவுக்கு.

நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஜிபிஎஸ் அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 30 மீட்டரில் சிக்னலில் ஏறக்குறைய 20 டெசிபெலைத் தின்றுவிடும்; எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் என்றால் 5 டெசிபெல்தான். அதோடு, எல்எம்ஆர்-400-இல் சிக்னல் மீட்டருக்கு ஏறத்தாழ 4 நானோ செகண்ட் தாமதமாகிறது. 30 மீட்டருக்கு 120 நானோ செகண்டை ரவுட்டரில் பதிய வேண்டும், இல்லையென்றால் கடிகாரம் அந்த அளவு பின்தங்கியே ஓடும்.

'ஆன்டெனா ஓப்பன்' (ஆன்டெனாவுக்கு மின்சாரம் ஓடவில்லை) என்று அலாரம் வந்தால் ஆன்டெனாவைக் கழற்றுவதற்கு முன், நடுவில் உள்ள சர்ஜ் அரெஸ்டரோ (மின்னல் தடுப்பான்) ஸ்பிளிட்டரோ (சிக்னலைப் பிரிப்பது) டிசியை மேலே விடுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 'ஷார்ட்' என்றால் பெரும்பாலும் மழைநீர் இறங்கிய கனெக்டர். கிருஷ்ணகிரிப் பக்கப் பாறை நிலத்தில் எர்த் ரெசிஸ்டன்ஸ் (மின்சாரம் நிலத்தில் இறங்குவதற்கான தடை) எளிதில் குறையாது, அதனால் எர்த்தை அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. இடி மின்னலின்போது வெளிக்கேபிளைத் தொடவே கூடாது.

இதையெல்லாம் காரணத்தோடு கற்றவர் கேபிள் வேலையில் நின்றுவிட மாட்டார். சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்), பிறகு நெட்வொர்க் வழியாகவே நேரத்தையும் கடிகாரத் துடிப்பையும் அனுப்பும் பிடிபி, சின்க்-ஈ முறைகள் என்று படித்தால் நெட்வொர்க் மையத்துக்குப் போகலாம். பட்டம் வேண்டுமென்றால் லேட்டரல் என்ட்ரியில் பிஇ இரண்டாம் ஆண்டில் சேரலாம். பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி, முழு உடல் பெல்ட், விபத்துக் காப்பீடு. ஜிபிஎஸ் ஆன்டெனா வானம் நன்றாகத் தெரியும் ஷெல்டர் (டவர் அடியில் உள்ள கருவி அறை) கூரையிலேயே இருந்தால் போதும், டவர் உச்சி தேவையில்லை. பயிற்சி தராமல் டவரில் ஏறச் சொல்லும் ஒப்பந்ததாரரிடம் தம்பியை அனுப்பாதீர்கள்.