கூரையை எண்ணினால் ஆள் கிடைக்குமா?

கேள்வி: திருப்பூரில் இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்றிருக்கிறேன். எந்தப் பக்கம் சனம் அதிகம் என்று நெட்டில் தேடினால் ஊர் மக்கள்தொகை ஒரு இடத்தில் 4.44 லட்சம், இன்னொரு இடத்தில் 8.77 லட்சம், வேறொன்றில் 9.63 லட்சம் என்கிறது. எதைத்தானுங்க நம்புவது?
- வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: மூன்றும் சரிதானுங்க. மூன்றுமே 2011 சென்சஸ் கணக்குதான், கோடு போட்ட இடம்தான் வேறு. முதல் எண் பழைய மாநகராட்சி எல்லைக்கு. அப்புறம் 15 வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் சில ஊராட்சிகளையும் இழுத்துச் சேர்த்தார்கள், ஒரு குடும்பம்கூட புதிதாகக் குடிவராமலே ஊர் இரண்டு மடங்காகிவிட்டது. மூன்றாவது, ஒட்டி வளர்ந்த சுற்று ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுப்பு. ஈரோட்டில் இது இன்னும் வேடிக்கை: பழைய எல்லைக்குள் 1.57 லட்சம், தொகுப்பாகப் பார்த்தால் 5.2 லட்சம். எந்த வருஷம், எந்த எல்லை என்று எழுதாத பக்கத்தை மூடிவிடுங்கள்.

மாவு விற்க ஊர்த் தொகை எதற்கு? வார்டுதான் வேண்டும். சென்சஸ் இணையதளத்தில் மாவட்டக் கையேடு காசில்லாமல் கிடைக்கிறது. வார்டுவாரியாக எத்தனை குடும்பம், ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆறு வயது வரையிலான குழந்தைகள் எத்தனை என்று பார்க்கலாம். குழந்தைகள் நிறைய இருந்தால் அடுப்பெரியும் வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஆண் கணக்கு மட்டும் தூக்கலாக இருந்தால் பேச்சிலர் ரூம்கள் மிகுந்த பக்கமாக இருக்கும், அங்கே மாவைவிட மெஸ் நன்றாக ஓடும். ஆனால் வார்டு எல்லைகளை அதற்கப்புறம் மாற்றிவிட்டார்கள், பழைய வார்டு எண்ணை இப்போதைய எண் என்று எடுத்துக்கொண்டு ஏமாறாதீர்கள், தெருப் பெயரை வைத்துப் பொருத்துங்கள். கணக்கும் பழசுதான். 2021-ல் வரவேண்டியது தள்ளிப்போய், அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

கேள்வி: வாக்காளர் பட்டியல் வருஷா வருஷம் புதுசாகிறதே, அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாதா?
- வாசகி, பெருந்துறை

பதில்: பதினெட்டு வயது ஆகாத யாரும் அதில் இல்லை. பனியன் கம்பெனிக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். நம் ஆட்களிலேயே குடியிருப்பது இங்கே, ஓட்டுப் போடுவது மதுரைப் பக்கம் என்று எத்தனை பேர்! அது ஓட்டுக் கணக்கு, அவ்வளவுதான்.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தை வைத்து எங்கே எத்தனை பேர் என்று நிறம் தீட்டிய வரைபடம் பார்த்தேன். நம்பலாமா?
- வாசகர், பல்லடம்

பதில்: நீங்கள் பார்த்தது வேர்ல்ட்பாப் மாதிரி ஒன்றாக இருக்கும். சென்சஸ் எண்ணை எடுத்து, எங்கே கட்டடம் தெரிகிறது, எங்கே ராத்திரி வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்து, சுமார் நூறு மீட்டர் கட்டங்களுக்குப் பிரித்துப் போடுகிறார்கள். ஊர் எந்தத் திசையில் நீள்கிறது என்று பார்க்க அருமையான சரக்கு. ஒரு கட்டத்தை மட்டும் உற்றுப் பார்த்து 'இங்கே 212 பேர்' என்று சொன்னால்தான் வம்பு.

உங்கள் ஊர்ப் பக்கமே ஒருமுறை போனில் படத்தை விரித்துப் பார்த்தேன். ஒரே நீளத்தில் வரிசையாகக் கூரைகள். அடடா, எத்தனை லைன் வீடு என்று நினைத்துக்கொண்டு வண்டியை விட்டேன். கிட்டப் போனதும் வாடை சொல்லிவிட்டது, அத்தனையும் பிராய்லர் கோழி! விசைத்தறிக் கொட்டகைக்கும் இதே கதைதான். நிஜமான லைன் வீடோ படத்தில் ஒரே கூரை, உள்ளே பத்துக் குடும்பம், கடைசியில் பொதுக் கக்கூஸ் இரண்டு. எந்தச் செயற்கைக்கோளும் அந்தப் பத்துக் கதவைத் தனித்தனியாகப் பார்க்காது.

அதனால் படத்தில் நாலு தெருவைக் குறித்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள். லைன் வீட்டு முகப்புச் சுவரில் மீட்டர்களை வரிசையாக மாட்டியிருப்பார்கள், அதை எண்ணினால் குடித்தனம் எத்தனை என்று ஓரளவு தெரிந்துவிடும். தீபாவளி, பொங்கல் வாரத்தில் மட்டும் போகாதீர்கள், பாதிக் கதவு பூட்டியிருக்கும்.