கேமில் ஓடும் ரேடியோ பாட்டுக்கு யூடியூபில் கிளெய்ம்: பணம் கொடுத்து நீக்கலாமா?

கேள்வி: ஜிடிஏ 5 விளையாடி யூடியூபில் வீடியோ போடுகிறேன். கார் ரேடியோவில் வந்த ஒரு பாட்டுக்கு காப்பிரைட் கிளெய்ம் வந்திருக்கிறது. கேமைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 3,000 ரூபாய் கொடுத்தால் நீக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது கிளெய்ம், ஸ்ட்ரைக் (காப்பிரைட் மீறலுக்காகச் சேனல் மீது விழும் எச்சரிக்கை) அல்ல. இந்த இரண்டையும் குழப்பித்தான் இவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். கிளெய்ம் என்றால் அந்த ஒரு வீடியோவின் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். சில நேரம் சில நாடுகளிலோ எல்லா நாடுகளிலுமோ வீடியோ தெரியாது. அவ்வளவுதான். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால்தான் சேனலுக்கே ஆபத்து.

அந்த ஆள் என்ன செய்வார் தெரியுமா? உங்கள் சேனலை இயக்க மேனேஜர் அணுகல் கேட்பார். 'இந்தப் பாட்டுக்கு எனக்கு உரிமை உண்டு' என்று உங்கள் பெயரில் பொய்யாக டிஸ்ப்யூட் (கிளெய்முக்கு ஆட்சேபம்) போடுவார். உரிமையாளர் 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் தானாகவே போய்விடும். அதைத் தன் திறமை என்று காட்டுவார். உரிமையாளர் மறுத்து, மேல்முறையீடும் போய், வீடியோவை நீக்கச் சொல்லி அவர் கேட்டுவிட்டால் ஸ்ட்ரைக் உங்கள் சேனலுக்கு. காசு வாங்கியவருக்கு ஒன்றும் ஆகாது.

'காசு கொடுத்து வாங்கினேனே' என்பது நியாயமான ஆதங்கம்தான். ஆனால் கேம் கம்பெனியே அந்தப் பாட்டுகளை வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறது. மெட்டுக்கும் பாடல் வரிக்கும் ஒரு அனுமதி, பதிவு செய்த ஒலிக்கு இன்னொரு அனுமதி. இரண்டும் கேமுக்குள் ஒலிப்பதற்கு மட்டுமே. 2008-இல் வந்த ஜிடிஏ 4-இன் பல பாட்டுகள், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் 2018-இல் நீக்கப்பட்டன. அந்தக் கேமில் இருந்த விளாடிவோஸ்டாக் எஃப்எம் என்ற ரஷ்யப் பாட்டு நிலையம் அடையாளமே மாறிப்போனது. பத்து வருடம் முன்பே வாங்கியவர்களின் கேமிலிருந்தும் அந்தப் பாட்டுகள் போயின. வாங்கியவருக்குக் கேட்கும் உரிமையே நிலைக்காதபோது, யூடியூபில் போடும் உரிமை எங்கிருந்து வரும்?

30 விநாடி வரை போட்டால் தப்பில்லை, 'கிரெடிட்' போட்டால் போதும் என்பதெல்லாம் கட்டுக்கதை. நம் 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கே இல்லை. கேமில் நம் பாட்டுகளை நாமே சேர்க்கும் செல்ஃப் ரேடியோ நிலையத்தில் சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு ஏற்றி ஓட்டுவதும் தீர்வல்ல. இசை நிறுவனம் மாறும், கிளெய்ம் மாறாது.

ரேடியோவே வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: பேச்சு நிலையங்கள். ஜிடிஏ 5-இல் வெஸ்ட் கோஸ்ட் டாக் ரேடியோ, பிளெய்ன் கவுண்டி டாக் ரேடியோ என இரண்டு. அவற்றில் வருவது கேமுக்காகவே எழுதி நடித்துப் பதிவு செய்த பேச்சு. வெளியிலிருந்து வாங்கிய பாட்டு நிலையங்களில் இருக்கும் சிக்கல் இவற்றில் பெரும்பாலும் வராது. ஆனால் ஒன்று: வேறு காரில் ஏறியதும் அந்தக் காருக்கான பாட்டு நிலையம் தானாக ஓடத் தொடங்கும். நிலையத்தை மாற்றுவதற்குள் ஒலிக்கும் சில விநாடிகளே கிளெய்முக்குப் போதும். ஆடைக்கடைக்குள் நுழைந்தாலும் பாட்டு ஓடும். அதனால் பதிவுக்கு முன்பே ஆடியோ அமைப்பில் இசை ஒலியைப் பூஜ்யமாக்கிவிடுவதே நல்லது. சைபர்பங்க் 2077-இல் காப்பிரைட் உள்ள பாட்டை மட்டும் நிறுத்த ஒரு பொத்தானே இருக்கிறது. எல்லா கேமிலும் இதை வைக்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

யூடியூபின் முறை மீது எனக்கும் கோபம் உண்டு. மென்பொருள் பாட்டைக் கண்டுபிடிக்கிறது. நீங்கள் டிஸ்ப்யூட் போட்டால் அதை முதலில் பரிசீலிப்பவர் கிளெய்ம் போட்டவரே. புகார் கொடுத்தவரே தீர்ப்பும் சொல்வது என்ன நியாயம்? ஆனால் உங்கள் விஷயத்தில் பாட்டு நிஜமாகவே ஓடியிருக்கிறது. டிஸ்ப்யூட் வேண்டாம்.

யூடியூப் ஸ்டுடியோவில் அந்தக் கிளெய்மைத் திறந்தால் பாட்டு எந்த நிமிடத்தில் வருகிறது என்று காட்டும். பாட்டை மட்டும் அழிக்கும் வசதி அங்கேயே இலவசமாக இருக்கிறது. உங்கள் பேச்சும் சேர்ந்து கெட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். பாட்டு போனதும் கிளெய்மும் விலகும். அந்த ஆளுக்கு ஏற்கெனவே அணுகல் கொடுத்திருந்தால், அனுமதிகள் பகுதியில் அவருடைய மின்னஞ்சலை இன்றே நீக்கி, கூகுள் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.