ஒம்பது நாளா அசையாத கண்ணு

வணக்கம் அக்கா,

நான் சிங்கப்பூர்ல பொங்கோல்ல இருக்கேன், வயசு 23. சின்ன வயசுலேர்ந்தே தீம் பார்க்னா எனக்கு உயிர். இங்க ஒரு பார்க்குக்கு வருஷப் பாஸ் எடுத்து ஆறு வருஷமா போயிட்டிருக்கேன். ஆன்லைன்ல எங்களுக்குன்னு ஒரு குரூப் இருக்கு, எந்த ரைடு இன்னைக்கு மூடிருக்கு, எந்த ஷோ நேரம் மாறிருக்கு எல்லாமே அங்க உடனே வந்துடும். போன வருஷம் எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சின்ன ஷோவ நிறுத்திட்டாங்க. எழுதுனோம், கையெழுத்து வாங்குனோம், ஒரு வரி பதில் வரல. இந்தக் கம்பெனிங்கல்லாம் எங்கள மாதிரி ஆளுங்க எழுதறத உண்மையிலயே பாக்கறாங்களா? அம்மா சொல்றாங்க, "எங்க காலத்துல ஜூரோங்ல டாங் டைனஸ்டி சிட்டின்னு ஒரு தீம் பார்க் இருந்துச்சு, மூடுனாங்க, யாரு அழுதா, போய் வேலையப் பாரு"ன்னு. குரூப்ப விட்டு வந்துடலாமான்னு யோசிக்கறேன்.

ஒரு வாசகி, பொங்கோல்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாக்கறாங்க மா. நான் கண்ணால பாத்துருக்கேன், அதனால இத தைரியமா சொல்றேன்.

2012ல யூனிவர்சிட்டி லீவுல நான் ஒரு பார்க்ல பார்ட் டைம் வேலை செஞ்சேன், பேரு வேணாம். காலைல கேட் தொறக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு ஒரு பிரீஃபிங் நடக்கும், எங்க சூப்பர்வைசர் ஒரு மலாய் அக்கா, அவங்க கையில தெனமும் நாலஞ்சு தாள் இருக்கும். ஒருநாள் அதுலேர்ந்து படிச்சாங்க, "மூணாவது ரூம்ல இருக்கற பொம்மையோட இடது கண்ணு ஒம்பது நாளா அசையல, நான் ஒம்பது தடவ ஏறிப் பாத்துட்டேன்"னு யாரோ ஆன்லைன்ல எழுதிருக்காங்க, அத அப்படியே பிரிண்ட் எடுத்துருக்காங்க. நாங்க தெனமும் அந்த ரூம கடந்து போறவங்க, எங்க ஒருத்தர் கண்ணுலயும் அது படல. அந்த வாரத்துக்குள்ள மெக்கானிக் வந்து சரி பண்ணிட்டாரு. அதே தாள்ல கீழ இன்னும் ஏழெட்டு பேரு எழுதுனது இருந்துச்சு, பார்க் மோசம், நிர்வாகம் மோசம், காசு தின்றாங்கன்னு, அதயெல்லாம் அந்த அக்கா படிக்கவே இல்ல, ஏன்னா அத வச்சுகிட்டு அவங்களால அன்னைக்கு செய்யறதுக்கு ஒன்னும் இல்ல. கண்ணப் பத்தி எழுதுன ஆளுக்கு பதில் போனுச்சான்னா, போகல. எங்க யாருக்கும் ஆன்லைன்ல பதில் எழுத அனுமதி கிடையாது. அவரு இன்னமும் யாரும் படிக்கலன்னுதான் நெனச்சிட்டிருப்பாரு, அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசுல உறுத்துது.

சரி, கண்ணு அசையலன்னா சரி பண்ணுவாங்க, ஷோவ நிறுத்தாதேன்னா கேப்பாங்களாங்கறதுதானே உங்க கேள்வி. அதுக்கு ஃபிக்மென்ட் கதைய சொல்லணும், இந்த விஷயத்துல எனக்குத் தெரிஞ்சு இதவிட நல்ல பாடம் வேற இல்ல.

ஃப்ளோரிடால டிஸ்னியோட எப்காட் பார்க் இருக்குல்ல, அங்க 1983ல கற்பனையப் பத்தி ஒரு ரைடு தொறந்தாங்க, ஊதா கலர்ல ஒரு குட்டி டிராகன், அதுதான் ஃபிக்மென்ட், கூடவே தாடி வச்ச ஒரு தாத்தா. புள்ளைங்க அதுமேல உசுரா இருந்துச்சுங்க. 1998ல அத மூடி அடுத்த வருஷம் வேற மாதிரி மாத்தித் தொறந்தாங்க, தாத்தா காணோம், டிராகன் ஏதோ ஒரு மூலைல தலைய காட்டிட்டு போயிடும். வந்தவங்க அத்தன பேரும் கொதிச்சுட்டாங்க, அப்ப இன்டர்நெட் வந்த புதுசு, அங்கயும் அதே பேச்சுதான், ரெண்டு வருஷத்துல திரும்ப மூடி 2002ல டிராகன நடுவுல வச்சு மறுபடி தொறந்தாங்க. பாருங்க, கேட்டுட்டாங்க! ஆனா அந்தத் தாத்தா திரும்பி வரவே இல்ல, ரைடும் பழையபடி அழகா ஆகல, அதுக்கப்புறம் இருபது வருஷமா "இத ஒழுங்கா திரும்பக் கட்டுங்க"ன்னு ஜனங்க எழுதிகிட்டே இருக்காங்க. 2022 ஜனவரில ஃபிக்மென்ட் உருவத்துல ஒரு பாப்கார்ன் டப்பா வித்தாங்க, அதுக்கு மணிக்கணக்கா கியூ நின்னுச்சு, அந்தக் கியூ போட்டோ உலகம் பூரா சுத்துச்சு. 2023 செப்டம்பர்ல ஃபிக்மென்ட் வேஷத்துல ஆள் வந்து புள்ளைங்களோட போட்டோ எடுத்துக்க ஏற்பாடு பண்ணிட்டாங்க. ரைடு மட்டும் அதே 2002 ரைடுதான்.

இதுலதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. டப்பா, பொம்மை, டீஷர்ட், ஒரு வேஷம், இதெல்லாம் செலவு கம்மி, சீக்கிரம் செய்யலாம், வித்துடலாம், அதனால அங்க நம்ம குரல் ஓடிப்போய் விழுது. ரைடுன்னா பல கோடி, பல வருஷம், அங்க முடிவு எடுக்கறவங்க நம்ம எழுத்தப் பாக்கறதில்ல, கணக்கத்தான் பாக்கறாங்க.

இன்னொன்னும் இருக்கு, இது உங்களுக்கு வலிக்கும், இருந்தாலும் சொல்றேன். உங்கள மாதிரி வருஷப் பாஸ் வச்சிருக்கவங்கதான் அதிகம் எழுதறாங்க, அதிகம் கவனிக்கறாங்க, ஆனா ஒவ்வொரு தடவ வரும்போதும் செலவு பண்றது கம்மி. வீட்டுல சாப்ட்டுட்டு வர்றீங்க, பொம்மை ஏற்கனவே வாங்கிட்டீங்க. ஜகார்த்தாலேர்ந்தோ சென்னைலேர்ந்தோ வாழ்க்கைல ஒரே தடவ வர்ற குடும்பம் டிக்கெட்டு, சாப்பாடு, எக்ஸ்பிரஸ் பாஸ், தொப்பின்னு கொட்டிட்டு போகுது, அவங்க எந்த குரூப்லயும் இல்ல. 2022ல டிஸ்னி தன்னோட காலாண்டு அறிக்கைல கலிஃபோர்னியா பார்க்கப் பத்தி சொல்லும்போது, வர்ற ஜனங்களோட கலவை சாதகமா இல்லங்கற மாதிரி ஒரு வார்த்தைய போட்டுட்டாங்க, பாஸ்காரங்க எல்லாரும் அது நம்மளத்தான்னு புரிஞ்சுகிட்டு, அந்த வார்த்தையயே டீஷர்ட்ல அடிச்சுப் போட்டுட்டு பார்க்குக்கே போனாங்க. அதே வருஷம் நவம்பர்ல டிஸ்னியோட பழைய தலைவர் பாப் ஐகர் திரும்ப தலைவரா வந்தாரு, 2023 ஜனவரில ஃப்ளோரிடா ஹோட்டல்ல ராத்திரி கார் நிறுத்தறது திரும்ப இலவசமாச்சு, கலிஃபோர்னியால கம்மி வெல டிக்கெட்டு நாட்கள் கூடுச்சு. அது வெறும் ஆன்லைன் சத்தத்தால மட்டும் நடந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா எங்கெங்க வலிக்குதுன்னு பட்டியல் போட்டுக் குடுத்தது ரசிகருங்கதான்.

கேக்காம நஷ்டப்பட்டதும் உண்டு. 2022 மார்ச்ல ஃப்ளோரிடா டிஸ்னில, ஸ்டார் வார்ஸ் படத்துல வர்ற விண்கப்பல் மாதிரி ஒரு ஹோட்டல் தொறந்தாங்க, ரெண்டு பேருக்கு ரெண்டு ராத்திரி கிட்டத்தட்ட 4,800 அமெரிக்க டாலர். வெல வெளிய வந்த அன்னைக்கே ரசிகருங்க சொல்லிட்டாங்க, இது யாருக்கு மா கட்டுப்படியாகும்னு. 2023 செப்டம்பர்ல மூடிட்டாங்க. புக்கிங் கொறஞ்சப்பதான் அவங்களுக்குத் தெரிஞ்சுது, அது ரசிகருங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்ச விஷயம்.

எங்க சீக்கிரம் கேப்பாங்கன்னா, வருஷா வருஷம் புதுசா கட்டற எடத்துல. ராத்திரில பேய் வீடு கட்டி பயமுறுத்தற ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ எடுத்துக்குங்க, ஆர்லாண்டோ யூனிவர்சல்ல 1991லேர்ந்து நடக்குது, நம்ம செந்தோசால 2011லேர்ந்து, கோவிட்ல நின்னு 2022ல திரும்ப வந்துச்சு. ஆர்லாண்டோல 2000ல ஜாக்னு ஒரு கோமாளிய கொண்டாந்தாங்க, ஜனங்களுக்கு அவன் மேல அப்படி ஒரு பிரியம், 2007லயும் 2015லயும் அவனையே திரும்பக் கொண்டாந்தாங்க. எப்படியும் இடிச்சுட்டு அடுத்த வருஷம் வேற கட்டப்போறாங்க, அப்ப எது பிடிச்சுது எது பிடிக்கலன்னு தெரிஞ்சுக்கறது அவங்களுக்கே தேவை. அதனால உங்க குரூப்ல அந்த சீசன் முடிஞ்ச மறுவாரம் எழுதற எழுத்துக்கு இருக்கற மதிப்பு மத்த நாள்ல எழுதறதுக்கு கெடையாது, இது என் கணிப்பு.

உங்க ஷோ விஷயத்துக்கு வர்றேன். 1997ல ஃப்ளோரிடா டிஸ்னில மிஸ்டர் டோடுன்னு ஒரு தவளை ரைடு, 1971லேர்ந்து ஓடுனது, அத மூடப்போறாங்கன்னு தெரிஞ்சதும் ரசிகருங்க இணையத்துல ஒன்னு சேந்து பச்ச டீஷர்ட் போட்டுகிட்டு ரைடு முன்னாடியே கூடுனாங்க, நேரா போய் ஏறி ஏறி எறங்குனாங்க. 1998 செப்டம்பர் 7ஆம் தேதி மூடிட்டாங்க. அங்க வின்னி த பூங்கற கரடிக் கதை ரைடு வந்துச்சு. ஆனா அந்தப் புது ரைடுக்குள்ள, அந்தக் கதைல வர்ற ஆந்தையோட வீட்டுல ஒரு படம் மாட்டிருக்கு, தவளை தன் வீட்டுப் பத்திரத்த ஆந்தை கையில குடுக்கற மாதிரி. கொஞ்ச தூரம் தள்ளி பேய் வீட்டு ரைடுல செல்லப்பிராணிங்க கல்லறை ஒன்னு இருக்கு, அங்க தவளைக்கு ஒரு சின்ன சிலை. இத யாரு வச்சது? கணக்கு பாக்கறவங்க வைக்கல. உள்ள உக்காந்து வரையறவங்க வச்சாங்க, அவங்கள்ல பாதிப்பேர் சின்ன வயசுல உங்கள மாதிரியே பைத்தியமா இருந்தவங்க, அவங்களுக்கும் அந்த மூடல் வலிச்சுருக்கு. இத முதல்ல படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆக உங்க கையெழுத்த ஒருத்தர் கண்டிப்பா பாத்துருப்பாரு. அவரால அந்த ஷோவ காப்பாத்த முடியல, அவ்ளோதான்.

அம்மா சொன்னதுக்கு மட்டும் நான் சண்டைக்கு வரணும். நான் ஜூரோங் பக்கத்துல பூன் லேல வளந்தவ. டாங் டைனஸ்டி சிட்டி 1992ல தொறந்தப்ப நான் தொடக்கநிலை ஒன்னு, ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு போனாங்க, பழைய சீனத் தலைநகரத்த சுவரோட கட்டி வச்ச மாதிரி, களிமண் போர்வீரருங்க வரிசையா நிப்பாங்க, நான் என் ஃப்ரெண்டு கைய விடவே இல்ல. 1999ல மூடிட்டாங்க. அப்புறம் ஒரு ஒம்பது வருஷம் அந்த சுவரு அப்படியே நின்னுச்சு, பஸ்ல போகும்போதெல்லாம் தெரியும், 2008ல அதயும் இடிச்சுட்டாங்க. யாரு அழுதான்னு அம்மா கேக்கறாங்க, நான் அழுதேன். ஆனா எங்க போய் சொல்றது, யாருகிட்ட சொல்றது, கூட அழ ஆளு எங்கன்னு தெரியல. உள்ள எந்த ரூம்ல என்ன இருந்துச்சு, ஷோ எத்தன மணிக்கு, எந்தப் பொம்மையோட கை ஆடும், இதெல்லாம் எழுதி வைக்க அன்னைக்கு ஒரு குரூப் இல்ல, இன்னைக்கு தேடுனா கெடைக்கறது கொஞ்சம் போட்டோதான். உங்க ஷோவ நீங்க எத்தன வீடியோ எடுத்து வச்சிருப்பீங்க, எந்த நடிகர் எந்த நாள்ல எந்த வரிய மாத்துனாருன்னு கூட உங்க குரூப்ல இருக்கும். அத ஒரு எடத்துல சேத்து வைங்க, நிறுத்துன தேதிய போட்டு வைங்க. குரூப்ப விட்டு வர்றத அதுக்கப்புறம் யோசிக்கலாம்.

அம்மாகிட்ட ஒன்னு கேட்டு சொல்லுங்க மா. அந்த டாங் டைனஸ்டி சிட்டில அவங்க எடுத்த போட்டோ ஏதாவது ஆல்பத்துல இருக்கான்னு. அந்தப் போர்வீரருங்க வரிசை விழுந்த போட்டோ ஒன்னு இருந்தாலும் போதும், நான் வந்து வாங்கிக்கறேன்.

அன்புடன்,
அக்கா